ஆறாவது தாள்

மூன்று ஐம்பது. பள்ளி வாசலில் கார் வரிசை நகரவில்லை. நாலேகாலுக்குத்தான் மணி அடிக்கும் என்று தெரிந்தும் மூன்றரைக்கே வந்து இடம் பிடித்து நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி, ரேஷன் கடைப் புத்தி டெக்ஸஸ் வந்தாலும் போகாது. முன்னால் ஒரு வெள்ளை வேன், இன்ஜினை அணைக்காமல் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. நானும் அணைக்கவில்லை. பிப்ரவரிக் காற்று, இங்கே குளிரே கிடையாது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்த மனுஷனைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வைக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கிறது. காலை ஐந்து மணியிலிருந்து முப்பத்தெட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்தாயிற்று, முப்பத்தெட்டுக் கைகள், பட்டையைக் கட்டு, நரம்பைத் தடவு, குத்து, அவிழ், பெயரும் பிறந்த தேதியும் கேட்டு குழாயில் சீட்டு ஒட்டு. கடைசிக் கிழவர் நரம்பே காட்டவில்லை, இரண்டு தடவை குத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன், அவர் பாவம் வானிலை பற்றிப் பேசினார். ஸ்டீயரிங் மேல் மஞ்சள் காகிதம். நேற்று ராத்திரி மகள் ஆதிரை சாப்பாட்டு மேஜையில் எனக்காக வைத்துவிட்டுப் போனது. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாள், எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதாம். பதினொன்றாவது படிக்கிறாள். அடுத்த வருஷம் கணக்குக்கு எந்த வழி என்று இன்றைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பில் வழி சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் நாலரைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு கட்டம். ஒன்று ஏ.பி., பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் பாடம், வருஷம் பூராவும் படித்து மே மாதம் ஒரு காலையில் ஒரே ஒரு பரீட்சை, முகம் தெரியாத யாரோ திருத்தி ஐந்துக்கு இத்தனை என்று போடுவார், நல்ல எண் வந்தால் கல்லூரியில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம். இன்னொன்று டூயல் கிரெடிட், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் வகுப்பை இப்போதே போய்ப் படிப்பது, வாரா வாரம் வீட்டுப்பாடம், சின்னச் சின்னத் தேர்வு, எல்லாம் கூட்டி ஒரு கிரேடு. இரண்டாவது கட்டத்தில் பென்சிலால் மெல்ல ஒரு டிக். மெல்லத்தான் போட்டிருக்கிறாள். அழித்தால் அழிந்துவிடும்.

மே மாதம் ஒரு காலை. அதற்குள் எத்தனை முடியும், எத்தனை தவறும். வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் மீட்டிங்கில் இருந்தபடியே, நீயே பார்த்து முடிவு பண்ணு மங்கை என்றார். மனுஷன் வீட்டுக்கு சோபா வாங்கினபோதும் இதேதான் சொன்னார், வந்த பிறகு நிறம் சரியில்லை என்றார். தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் இரண்டு வாரமாக இதே பேச்சு, ஏ.பி. தான் கெத்து என்று ஒரு கட்சி, டூயல் கிரெடிட்தான் நிச்சயம் என்று ஒரு கட்சி, நடுவில் ஒருவர் விநாயகர் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார். கவுன்சிலர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அந்த அம்மாள் நல்லவள், நிதானமாகத்தான் சொன்னாள். டூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவில் ஏறிவிடும், பிறகு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே வரும், எடுக்க முடியாது. ஏ.பி.யில் அப்படி இல்லை, எண் மோசமாக வந்தால் அனுப்பாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றபோது சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு முன்னால் இருந்த தெலுங்குக்காரர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. யாருக்கும் தெரியாதது எங்கேயும் போவதில்லை அம்மணி என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்து என்ன சொல்வது, எந்த இங்கிலீஷில் சொல்வது. யாருக்கும் தெரியாதது இருபத்தேழு வருஷமாக என் கூடவே வருகிறது, கடல் தாண்டியும் வந்தது, விசா கேட்கவில்லை.

மூன்று ஐம்பத்தாறு. அப்போதும் இப்படித்தான், நிமிஷம் நிமிஷமாகக் கடிகாரம் பார்த்தபடி. தொண்ணூற்றேழு மார்ச், துறையூர், பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது. கொடுத்த விடைத்தாள் தீர்ந்துபோனால் எழுந்து நின்று அடிஷனல் ஷீட் கேட்க வேண்டும், மேற்பார்வைக்கு வந்த டீச்சர் கையெழுத்துப் போட்டுத் தருவார். முடிந்ததும் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி மூலைத் துளையில் வெள்ளை நூல் கோத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இறுகக் கூடாது, திருத்துகிறவருக்குத் தாள் திரும்பாது, தளரவும் கூடாது, வழியில் உதிர்ந்துவிடும். நூல் கட்டுவதற்கே பள்ளியில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். எனக்கு முடிச்சு நன்றாக வரும், பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன், அதை நினைத்தால்தான் சிரிப்பு. தலைக்கு நேர் மேலே ஃபேன், தாள் பறக்கிறது என்று எழுதி முடித்தவற்றைப் பரீட்சை அட்டையின் கிளிப்பில் செருகி வைத்துக்கொண்டே வந்தேன், வினாத்தாளும் அதே கிளிப்பில். ஐந்து நிமிஷ மணி அடித்ததும் கட்டுங்க கட்டுங்க என்று டீச்சர் பறந்தார். உருவினேன், அடுக்கினேன், எண்ணினேன், ஐந்து. முன்பக்கத்தில் அடிஷனல் ஷீட் எத்தனை என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினேன். எண்ணியதில் பிழையில்லை, கையில் இருந்தது ஐந்துதான். ஆறாவது வினாத்தாளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிளிப்பிலேயே இருந்தது. வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நான் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா பள்ளி வாசலில் நின்றார். அரசு பஸ் டிப்போவில் டைம் கீப்பர், ஒரு நிமிஷம் பிந்தி வண்டி எடுத்தாலும் கண்டக்டரை நிற்க வைத்துக் கேட்கிறவர், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "எல்லாம் எழுதினியா பாப்பா?" என்றார். "எழுதிட்டேம்ப்பா" என்றேன். அது பொய்யில்லை. அந்த நிமிஷத்தில் அது பொய்யில்லை, அதை மட்டும் யாராவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் ஓர் அடி நகர்ந்தது, நானும் ஓர் அடி. சாயங்காலம் ஆறு மணிக்கு விடை சரி பார்க்கலாம் என்று வினாத்தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்தேன், அது இரண்டாக வந்தது. இரண்டு பத்து மார்க் கணக்குகள், என் கையெழுத்தில், அடியில் இரட்டைக் கோடு போட்டு, டீச்சரின் கையெழுத்தோடு. அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பன்னிரண்டு அடி தூரம். சொல்லியிருந்தால் அப்படியே எழுந்து ஓடியிருப்பார், பள்ளிக்கு ஓடி, விடைத்தாள் கட்டு போன இடத்துக்கு ஓடி, வேண்டுமானால் ஏதாவது பஸ்ஸை மறித்து. சொல்லவில்லை. விடைத்தாளை வெளியே எடுத்துப் போனால் மூன்று வருஷம் டிபார், பரீட்சையே எழுத முடியாது என்று பரீட்சைக்கு முன்னால் வாசித்திருந்தார்கள், காதில் அது மட்டும்தான் ஓடியது, மூன்று வருஷம், மூன்று வருஷம். காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த வெந்நீரில்தான் குளித்தேன். போடுவதற்கு முன்னால் கைடை வைத்துச் சரி பார்த்தேன், அந்தப் புத்தி மட்டும் இருந்தது, இரண்டும் சரி. ரிசல்ட்டில் இருநூறுக்கு நூற்று எழுபத்திரண்டு. அப்பாவால் நம்ப முடியவில்லை, மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டார், தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றார், மாற்றமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. பொறியியல் சீட் இல்லை, லேப் டெக்னீஷியன் படிப்பு. அதில் ஒன்றும் குறையில்லை, அந்தப் படிப்புதான் இத்தனை வருஷம் சோறு போடுகிறது, நரம்பைக் கண்டுபிடிப்பதில் எங்கள் ஆஸ்பத்திரியில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது இல்லை விஷயம். அப்பா யாரையும் திட்டாத மனுஷன், அன்றைக்கு அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எவனோ ஒரு வாத்தியார் பக்கத்தத் திருப்பாமலே விட்டுட்டான். எந்தக் கை இதப் பண்ணுச்சோ அந்தக் கை விளங்காது" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "விடுங்க, எவன் பெத்த புள்ளையோ" என்றாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டாக்டர் சொல்கிறார், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவதாம், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம், இந்த வேலையில் பாதிப் பேருக்கு உண்டாம். சரிதான். பாதிப் பேரின் அப்பாக்களும் சபித்திருப்பார்களா. படித்தவள்தான் நான், சாபமாவது ஒன்றாவது என்று பகலில் சொல்லிக்கொள்வேன், கட்டை விரல் மரத்துப் போகிறபோது மட்டும் அப்பா குரல் கேட்கும். எந்தக் கை. வார்டில் என்னைக் கேலி செய்வார்கள், ஒவ்வோர் அறையிலிருந்தும் கிளம்புமுன் மங்கை தன் கிளிப்போர்டைத் திருப்பிப் பார்ப்பாள் என்று. திருப்பிப் பார்ப்பேன். முதுகில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பேன். அந்த வாத்தியாரை நினைத்துக்கொள்வேன், ஏதோ ஓர் ஊரில் மே மாதப் புழுக்கத்தில் உட்கார்ந்து என் ஐந்து தாளையும் ஒழுங்காகத் திருப்பித் திருத்தியிருப்பார், மார்க்கைக் கூட்டியிருப்பார், வீட்டுக்குப் போய் மோர் குடித்திருப்பார். ஒரு பாவமும் அறியாதவர். அவர் பேச்சை எடுக்காமல் எங்கள் வீட்டில் ஒரு பொங்கல் போனதில்லை, சொந்தக்காரர் யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார், எங்க மங்கைக்கு ஒரு வாத்தியார் பண்ணின அநியாயம். கல்யாணத்தில் சம்பந்தியிடமும் சொன்னார். ஆறு வருஷம் முன்னால் கடைசியாக வீடியோவில் பேசினபோது மூக்கில் குழாயோடு, "நீ டாக்டருக்கு மேலம்மா, அந்தப் பய மட்டும்" என்றார், இருமல் வந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் தாங்க மாட்டார் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். பயம்தான். நாற்பது வயதில் டிபார் பண்ண யார் வரப்போகிறார்கள், இருந்தும் பயம்.

நாலு ஐந்து. கைப்பேசி அதிர்கிறது, ஆதிரை. ஃபார்ம் கொண்டுவந்தாயா, நாலரை வரைக்கும்தான். பள்ளிக்கூடத்தில் கைப்பேசி கூடாது என்பார்கள், கழிவறையிலிருந்து அனுப்புகிறாள் போல. கொண்டுவந்தேன் கண்ணு. காகிதத்தின் கீழ்ப்பாதியில் ஒரு கேள்வி, ஏன் இந்தத் தேர்வு, இரண்டு வரிகளில். அதற்கு அவள் பதில், பென்சில் இல்லை, பேனா. காலையில் மேஜையிலிருந்து எடுக்கும்போதே கண்ணில் பட்டது, படிக்காதது போல மடித்து வைத்துக்கொண்டேன், முப்பத்தெட்டுக் கைகளின் ஊடாகவும் அது பையில் இருந்தது. என் அம்மாவின் விடைத்தாளை முகம் தெரியாத ஒருவர் கவனக்குறைவாகத் திருத்தியதால் அவர் நினைத்த படிப்பு கிடைக்கவில்லை, ஆகவே என்னை அறிந்த ஆசிரியர் வருஷம் முழுவதும் பார்த்து மதிப்பிடுவதையே விரும்புகிறேன். இங்கிலீஷில் அழகாக இருக்கிறது. அவளுக்கு எழுத வரும். போன மாதம் வரைக்கும் இவள் ஏ.பி. தான். பழைய வினாத்தாளை இறக்கி வைத்து, கடிகாரத்தை எதிரே நிறுத்தி, மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் போட்டுப் பார்ப்பாள், முடித்துவிட்டு வந்து யாரோ விளையாடக் கூட்டிப் போனது போலச் சிரிப்பாள், இந்தப் பிசாசுக்குப் பரீட்சை பிடிக்கிறது என்று மனதுக்குள் பெருமையாக இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், இரட்டை ஷிப்டு அன்றைக்கு, கால் விட்டுப் போயிருந்தது, பக்கத்தில் வந்து நின்று, "நீ எழுதின பெரிய பரீட்சைல என்னம்மா ஆச்சு, தாத்தா ஏதோ சொல்வாரே" என்றாள். என்ன சொல்லியிருக்கலாம். தூக்கம் வருது போ என்று சொல்லியிருக்கலாம். அதுவரைக்கும் அந்தக் கதையை நான் என் வாயால் சொன்னதே இல்லை, அப்பா சொல்வார், நான் சும்மா இருப்பேன், சும்மா இருப்பது பொய்யில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். ஒரு வாத்தியார் பக்கத்தைத் திருப்பவில்லையாம் என்றேன், அந்த ஆம் என்பதை ஒட்ட வைத்துத் தப்பிக்கப் பார்த்தேன். அவள் முகம் விழுந்தது. "அப்ப எவ்ளோ நல்லா எழுதினாலும் யாரோ ஒருத்தர் கைலதானா இருக்கு?" என்றாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து கடிகாரம் மேஜையில் இல்லை.

டூயல் கிரெடிட்டில் என்ன கெட்டுப்போயிற்று. நல்ல வழிதான். எத்தனை பிள்ளைகள் அதில் போய் நன்றாக இருக்கிறார்கள், ஒரு காலை நேரத்துக் காய்ச்சலோ தலைவலியோ வருஷத்தைக் கவிழ்க்காது, ஒரு தாள் விட்டுப்போனாலும் அடுத்த வாரம் இன்னொரு தாள். எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால். எனக்காக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது கட்டம்தான். எனக்காக இல்லையே. கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது, போய்க் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுக்கலாம், யாருக்கும் தெரியாது. மறுபடியும் அதுவே. அப்பா வாயில் இருந்த வரைக்கும் அது பேச்சு. இப்போது பேனாவில் எழுதியாகிவிட்டது, கீழே என் கையெழுத்து வேண்டுமாம், இந்தக் கையால். உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று பொடி எழுத்தில் அச்சடித்துக்கூட வைத்திருக்கிறார்கள், பாவிகள். சொன்னால் என்ன நினைப்பாள். தாத்தாவைப் படம் வைத்துக் கும்பிடுகிற பெண். என்னைக் கோழை என்று நினைப்பாள், அதற்கு இங்கிலீஷில் வேறு நல்ல சொல் இருக்கும். நினைக்கட்டும். இல்லை, நினைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது. கதவு திறக்கிறது, தோளில் பையோடு பிள்ளைகள் கொட்டுகிறார்கள், அந்த நீலக் குளிர்சட்டை, அவள்தான், ஓடி வருகிறாள், விழுந்து வைக்கப் போகிறாள்.

கதவைத் திறந்து உள்ளே உட்காராமலே கையை நீட்டினாள். "ஃபார்ம் குடும்மா, ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன். சைன் போட்டாச்சா?"

"போடல. உள்ள உக்காரு."

"அம்மா, டைம் இல்ல!"

ஆரஞ்சுச் சட்டை போட்ட தன்னார்வலர் நகருங்கள் என்று கை காட்டினார். "ஏறுடி" என்றேன், ஏறினாள், வரிசையிலிருந்து விலகி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலு பதினெட்டு.

"அந்த வாத்தியார் மேல தப்பில்ல" என்றேன்.

"எந்த வாத்தியார்?"

"என் பேப்பரத் திருத்தினவர். ஒரு ஷீட்ட நான் கட்டவே இல்ல. அட்டையில மாட்டிக்கிட்டு என்கூடவே வீட்டுக்கு வந்துருச்சு. அவர் கைக்குப் போனதெல்லாம் அவர் திருத்தினாரு. நான்தான் குடுக்கல. பயந்துக்கிட்டு எரிச்சுட்டேன்."

இவ்வளவுதான். இருபத்தேழு வருஷம், ஐந்தாறு வாக்கியம். அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். உங்க அப்பாவுக்கும் தெரியாது. உன்கிட்டதான் மொத மொத சொல்றேன்."

"போன மாசம் வேற சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன்."

வெளியே யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, களைப்பில் அதுவும் பாதியில் நின்றது. ஆதிரை கேட்டாள். "அந்த ஷீட்ல இருந்த சம்ஸ், கரெக்டா போட்டிருந்தியா?"

"ரெண்டும் கரெக்ட்."

தலையை ஆட்டினாள். பையைத் துழாவி ரப்பரை எடுத்துப் பென்சில் டிக்கை அழித்தாள். முதல் கட்டத்தில் பேனாவால் டிக் போட்டாள், அழுத்தி. அந்த இரண்டு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, எனக்கு இந்தப் பரீட்சை பிடிக்கும் என்று மட்டும் எழுதிக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். படித்தேன். பழக்கத்தில் திருப்பியும் பார்த்தேன், பின்பக்கம் ஒன்றுமில்லை. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன், மணிக்கட்டு வலித்தது, வலிக்கத்தான் செய்யும், டாக்டர்தான் சொன்னாரே. வாங்கிக்கொண்டு ஓடினாள்.

நாலு இருபத்தொன்பதுக்குத் திரும்பி வந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், கோபம்தான், அது அவள் உரிமை. வண்டியைக் கிளப்பினேன். பள்ளி வாசலைத் தாண்டும்போது, "தாத்தாகிட்ட நீ சொல்லியிருக்கணும்" என்றாள். "ஆமா" என்றேன். சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்து நின்றபோது, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அடுத்த வருஷம் மே மாசம், எக்ஸாம் அன்னிக்கு நீ வந்து வெளில நிக்கணும். லீவு போட்டுட்டு வா. நான் வந்ததும் எல்லாம் எழுதினியான்னு கேக்காத. எல்லாத்தையும் குடுத்துட்டியான்னு கேளு."